மெடிக்கலில் வாங்கும் ஆஸ்துமா சாமான்கள்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிடலாம்

வீட்டில் ஒரு பிள்ளைக்கு இரண்டு முறை வீசிங் வந்து, இரண்டு முறையும் ராத்திரியில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தால், மூன்றாம் நாள் மெடிக்கலில் அந்த வீட்டார் கேட்கும் சாமான் நெபுலைசர்தான். கடைக்காரரும் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார். பெட்டி பெரிதாக இருக்கிறது, மோட்டார் சத்தம் போடுகிறது, வெள்ளையாகப் புகை வருகிறது. கொடுத்த காசுக்கு ஏதோ நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அதே அலமாரியில் தூசு படிந்து கிடக்கும், இன்ஹேலரைப் பொருத்தி மருந்தை இழுக்க உதவும் ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குடுவையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டியது அந்தக் குடுவைதான். நெபுலைசருக்குக் கொடுக்கும் காசில் ஸ்பேசர், பீக் ஃப்ளோ மீட்டர், ஒரு கூட்டு மருந்து இன்ஹேலர் மூன்றையும் வாங்கினாலும் செலவு ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும்.

கீழே சொல்லும் மருந்துகள் எல்லாமே டாக்டர் சீட்டில் எழுதி வாங்க வேண்டியவை. இந்த மதிப்பீடு எந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது, எங்கே ஏமாற்றும், சமீபத்திய ஆராய்ச்சிகள் எதைத் தூக்கிப் பிடிக்கின்றன, எதைக் கீழே இறக்கியிருக்கின்றன என்பதைப் பற்றியது.

நீல இன்ஹேலர்: மருந்து நல்லது, தனியாக வைத்துக்கொள்வது ஆபத்து

சல்பியூட்டமால் இன்ஹேலர். அஸ்தாலின் என்ற பெயரில்தான் நம் கடைகளில் அதிகம் தெரியும். ஒரு பஃப்புக்கு, அதாவது ஒரு அழுத்துக்கு, 100 மைக்ரோகிராம், ஒரு டப்பாவில் 200 பஃப். லெவோசல்பியூட்டமால் வகையில் பஃப்புக்கு 50 மைக்ரோகிராம். உலகம் முழுக்க இதை நீல இன்ஹேலர் என்று சொல்வது வழக்கம். ஆனால் கடையில் நிறத்தை நம்பி வாங்க வேண்டாம், பெயரைப் படித்து வாங்குங்கள்.

ஐந்து நிமிடத்துக்குள் மூச்சு இளகும், நான்கிலிருந்து ஆறு மணி நேரம் தாங்கும். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. சிக்கல் அது செய்யாத வேலையில் இருக்கிறது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உள்சுவர் வீங்குகிறது, சளி சேர்கிறது. சல்பியூட்டமால் தசையை மட்டும்தான் தளர்த்தும். வீக்கம் அப்படியே உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். நோயாளிக்கு நன்றாக இருப்பது போலத் தோன்றும். ஒரு நாள் தூசியோ சளிக்காய்ச்சலோ வந்து மோதும்போது அந்த மருந்துக்குக் குழாய் திறக்காது.

இது வெறும் ஊகம் அல்ல. ஸ்வீடனில் 3,65,324 ஆஸ்துமாக்காரர்களின் பதிவுகளை அலசி 2020-இல் வெளியான ஆய்வில், வருடத்துக்கு மூன்று டப்பாவும் அதற்கு மேலும் வாங்கியவர்களுக்குக் கடுமையான தாக்குதலும் மரணமும் கூடுதலாக இருந்தன. பிரிட்டனில் 195 ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்த 2014 அறிக்கை, மருந்துச் சீட்டு விவரம் கிடைத்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு வருடத்தில் 12-க்கும் மேற்பட்ட டப்பாக்கள் எழுதப்பட்டிருந்ததைக் காட்டியது. 2019-இல் ஜினா எனப்படும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டிக் குழு, 12 வயதும் அதற்கு மேலும் உள்ள யாருக்கும் சல்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று மாற்றி எழுதியது. அதற்கு முன் ஐம்பது ஆண்டாகச் சொல்லிவந்ததற்கு நேர் எதிரான பேச்சு இது.

ஆகவே நீல இன்ஹேலரை மருந்தாக மட்டுமல்ல, ஒரு மீட்டராகவும் பாருங்கள். வாரம் இரண்டு முறை, முறைக்கு இரண்டு பஃப் என்றால் ஒரு டப்பா ஏறக்குறைய ஒரு வருடம் வர வேண்டும். மூன்று டப்பா காலியாகிறது என்றால் தினமும் ஒன்றரை பஃப்புக்கு மேல் போகிறது. மாதம் ஒன்று வாங்குகிறவர் கடைக்காரருக்கு நல்ல வாடிக்கையாளர், நுரையீரல் டாக்டருக்கு அவசர நோயாளி. திறந்த தேதியை மார்க்கர் பேனாவால் டப்பாவின் மேலேயே எழுதிவிடுவது இதற்கு எளிய வழி.

எண்ணிக்கை காட்டும் வகை கிடைத்தால் நாலு காசு கூடப் போனாலும் அதையே கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத டப்பாவைக் குலுக்கிப் பார்த்து மருந்து இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு மிச்சமிருக்கும், சத்தமும் கேட்கும், புகையும் வரும். தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்க்கும் பழைய உத்தியையும் மறந்துவிடுங்கள், அது தப்பாகக் காட்டுவதோடு வால்வுக்குள் தண்ணீரையும் ஏற்றிவிடும்.

கூட்டு மருந்து இன்ஹேலர்: காசு கொடுக்க வேண்டிய இடம் இதுதான்

புடெசோனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்தது. ஃபோராகார்ட் 200, புடமேட் 200 என்ற பெயர்களில் வருகிறது. பஃப்புக்கு புடெசோனைடு 200 மைக்ரோகிராம், ஃபார்மோட்டெரால் 6 மைக்ரோகிராம். புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்கும். ஃபார்மோட்டெரால் ஓரிரு நிமிடங்களில் தசையைத் தளர்த்தத் தொடங்கி பன்னிரண்டு மணி நேரம் வரை பிடித்து வைக்கும். இளைப்பு வரும்போது இதையே ஒரு பஃப் எடுத்தால், நிவாரணத்தோடு வீக்கத்துக்கான மருந்தும் கூடவே போய்விடுகிறது. கடந்த எட்டு ஆண்டுகளின் ஆஸ்துமா ஆராய்ச்சியில் வீட்டு வாசல்வரை வந்து சேர்ந்த பெரிய மாற்றம் இதுதான்.

2018-இல் வந்த சிக்மா-1 ஆய்வில் 3,849 பேர் சேர்க்கப்பட்டார்கள். தேவைப்படும்போது மட்டும் கூட்டு மருந்து எடுத்தவர்களுக்கு, தேவைப்படும்போது வெறும் நிவாரணி, அதாவது தசையை உடனே தளர்த்தும் மருந்து மட்டும், எடுத்தவர்களைவிடக் கடுமையான தாக்குதல்கள் 64 சதவீதம் குறைவாக இருந்தன. தினமும் தவறாமல் புடெசோனைடு எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் தாக்குதல் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் உடம்புக்குள் போன ஸ்டீராய்டு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது, இதை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள்: அன்றாட அறிகுறிகளை அடக்குவதில் தினசரி புடெசோனைடுதான் கொஞ்சம் முன்னால் நின்றது. இருமல் சுத்தமாக இருக்கக் கூடாது என்பவருக்குத் தினசரி மருந்து. தினமும் எடுக்க மறப்பவருக்கு, உண்மையில் நம்மில் பெரும்பாலோருக்கு, இந்த முறை.

2019-இல் நியூசிலாந்தை மையமாகக் கொண்டு நடந்த இரண்டு ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்ந்தன. அங்கேயே 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2025-இல் வெளியான கேர் ஆய்வில், சல்பியூட்டமால் குழுவைவிடக் கூட்டு மருந்துக் குழுவில் தாக்குதல்கள் 45 சதவீதம் குறைந்தன. அமெரிக்கர்கள் வேறு பாதையில் போனார்கள்: சல்பியூட்டமாலையும் புடெசோனைடையும் ஒரே டப்பாவில் அடைத்து 2023 ஜனவரியில் அனுமதி பெற்றார்கள். லேசான ஆஸ்துமாக்காரர்களிடம் அதைச் சோதித்த பதூரா ஆய்வு, பலன் தெளிவாகத் தெரிந்ததால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டு 2025-இல் வெளியானது. தாக்குதல் அபாயம் ஏறக்குறைய பாதி.

ஒரு நேர்மையான குறிப்பு. சிக்மா போன்ற ஆய்வுகளில் கொடுக்கப்பட்டது டர்புஹேலர் என்ற பவுடர் கருவி. நம் கடையில் பெரும்பாலும் கைக்கு வருவது அழுத்து டப்பாவோ கேப்சூலோ. மருந்து அதேதான், உள்ளே போகும் அளவு எடுக்கும் முறையைப் பொறுத்தது. அதனால்தான் அடுத்து வரும் ஸ்பேசருக்கு இத்தனை இடம் ஒதுக்கியிருக்கிறது.

இதில் நடக்கும் மோசமான தவறு பெயர்க் குழப்பம். சால்மீட்டெராலும் ஃப்ளூட்டிகசோனும் சேர்ந்த இன்னொரு கூட்டு மருந்தும் அதே அலமாரியில் இருக்கும். சால்மீட்டெரால் மெதுவாக வேலை செய்வது. தினசரி இரண்டு வேளைக்கு அது நல்ல மருந்து, மூச்சுத் திணறும் நேரத்தில் அதை அடித்துவிட்டுக் காத்திருப்பது விபரீதம். இன்ஹேலரில் ஃபார்மோட்டெரால் என்று எழுதியிருந்தால் மட்டுமே அதை நிவாரணியாகவும் எடுக்கலாம். பெரியவர்களுக்கு 200/6 வகையில் ஒரு நாளில் மொத்தம் 12 பஃப்தான் உச்ச வரம்பு. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் போனாலே அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். 6 முதல் 11 வயதுக்கு 100/6 வகை, வரம்பு 8. வீரியம் கூடிய வகைகள் நிவாரணியாக எடுக்க ஏற்றவை அல்ல.

ஸ்டீராய்டு என்றதும் வரும் பயத்துக்கு ஒரு கணக்கு. சிக்மா-1-இல் கூட்டு மருந்து எடுத்தவர்களின் நடுவளவு நாளுக்கு 57 மைக்ரோகிராம். வருடம் முழுக்கக் கூட்டினால் 21 மில்லிகிராம். ஒரே ஒரு கடுமையான தாக்குதலுக்கு டாக்டர் எழுதும் பிரெட்னிசோலோன் மாத்திரை நாளுக்கு 40 மில்லிகிராம் வீதம் ஐந்து நாளைக்கு 200 மில்லிகிராம். இரண்டு மருந்துக்கும் வீரியம் வேறு, அதனால் எடைக்கு எடை வைத்துப் பார்ப்பது துல்லியமல்ல. ஆனால் விழுங்கப்படும் புடெசோனைடில் ஏறக்குறைய 90 சதவீதத்தைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே செயலிழக்கச் செய்துவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்டீராய்டு ஆகாது என்று இன்ஹேலரை ஒதுக்கிவிட்டு, இழுப்பு வரும்போதெல்லாம் தெருமுனை கிளினிக்கில் போட்டுக்கொள்ளும் ஊசியில் பல நேரம் இருப்பது மூச்சுக்குழாயைத் தளர்த்தும் டெரிஃபிலினோடு டெக்ஸாமெத்தசோன். அதுவும் ஸ்டீராய்டுதான், மொத்த உடம்புக்கும்.

தினசரி எடுப்பவர்கள் எடுத்தவுடன் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியும், குரல் கம்மும். பல் துலக்குவதற்கு முன் எடுக்கும் பழக்கம் வைத்தால் தனியாக நினைவு வைக்க வேண்டியதில்லை.

ஸ்பேசர்: அலமாரியில் மதிப்பில்லாமல் கிடக்கும் சாமான்

அழுத்து இன்ஹேலரைத் தனியாக வாயில் வைத்து அடித்தால் என்ன ஆகிறது? மருந்து வேகமாகப் பாய்ந்து தொண்டையின் பின்சுவரில் மோதுகிறது. நன்றாகக் கற்றுக்கொண்டவருக்கே பத்திலிருந்து இருபது சதவீதம்தான் நுரையீரலுக்குப் போகும். விரல் அழுத்துவதும் மூச்சு இழுப்பதும் ஒரே நொடியில் சேராவிட்டால் அதுவும் இல்லை. சில்லென்று தொண்டையில் அடிப்பதால் பலருக்கு மூச்சை இழுப்பது பாதியில் நின்றுவிடும். ஸ்பேசர் இந்த இரண்டு தொல்லைகளையும் ஒரே அடியில் தீர்க்கிறது: பெரிய துகள்கள் குடுவைச் சுவரிலேயே தங்கிவிடும், ஐந்து மைக்ரானுக்குக் குறைந்த சின்னத் துகள்கள் மிதந்துகொண்டு இழுப்புக்குக் காத்திருக்கும்.

வாங்கும்போது முதலில் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப் பக்கம் ஒரு மெல்லிய சவ்வு. இழுக்கும்போது திறக்க வேண்டும், வெளியே விடும்போது மூட வேண்டும். வால்வு இல்லாத மலிவு வகையில் மூச்சு விட்டதும் மருந்து பின்னாலேயே போய்விடும். அடுத்து, உங்கள் இன்ஹேலரின் வாய் அதன் பின்துளையில் இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா என்பதைக் கடையிலேயே பொருத்திப் பாருங்கள். மூன்று நான்கு வயது வரைக்கும் மாஸ்க் வேண்டும். மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடி, கண்ணைத் தொடாமல், கன்னத்தில் ஒட்டி நிற்க வேண்டும். விளிம்பு விறைப்பான பிளாஸ்டிக்காக இருந்தால் வேண்டாம், சிலிக்கான் போல மெத்தென்று இருக்கட்டும். சின்ன இடைவெளி இருந்தாலும் மருந்து அதன் வழியாகத்தான் போகும். சின்னக் குழந்தைக்கு 750 மி.லி. பெரிய குடுவை தேவையில்லை, சிறிய வகையே வசதி.

சரி, எடுக்கும் முறை. இன்ஹேலரைப் பலமாக ஐந்தாறு முறை குலுக்குங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் மருந்துத்தூள் கலங்கிய திரவம், குலுக்காவிட்டால் முதல் பஃப் வெறும் வாயுவாகவே வரக்கூடும். புது டப்பா என்றாலோ சில நாள் தொடாமல் இருந்தாலோ இரண்டு மூன்று முறை காற்றில் அடித்துவிடுங்கள். ஸ்பேசரில் பொருத்தி, முழு மூச்சையும் வெளியே விட்டு, வாயை இறுக வைத்து, ஒரே ஒரு பஃப் அழுத்தி, நான்கைந்து நொடி மெதுவாக இழுத்து, பத்து நொடி அடக்குங்கள். அடக்க முடியாதவர்களும் பிள்ளைகளும் சாதாரணமாக ஐந்து முறை மூச்சு விட்டு வாங்கினால் போதும். சில ஸ்பேசர்கள் வேகமாக இழுத்தால் விசில் அடிக்கும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிடும். விசில் கேட்கக் கூடாது என்று முன்பே சொல்லிவையுங்கள். அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி, அடுத்த பஃப்.

எல்லோரும் செய்யும் தப்பு, இரண்டு மூன்று பஃப்பைச் சேர்த்துக் குடுவைக்குள் அடித்துவிட்டு ஒரே இழுப்பாக இழுப்பது. துகள்கள் ஒன்றோடொன்று மோதி ஒட்டி, கனத்து, சுவரில் படிந்துவிடும். மூன்று பஃப் அடித்தும் ஒரு பஃப் அளவுகூட உள்ளே போகாமல் இருக்கலாம். அடுத்த தப்பு, அழுகிற குழந்தைக்கு இன்னும் நன்றாக உள்ளே போகும் என்று நினைப்பது. அழுகையில் நீளமாக வெளியே விட்டு, வெடுக்கென்று இழுக்கிறது பிள்ளை. மருந்து வாயிலும் தொண்டையிலும் நின்றுவிடும். முதலில் வெறும் மாஸ்க்கைப் பொம்மைக்கும் அம்மாவுக்கும் வைத்து விளையாட்டுக் காட்டிவிட்டு அப்புறம் கொடுப்பது நேர மிச்சம்.

கழுவும் முறையில்தான் பலர் நல்ல ஸ்பேசரையும் கெடுக்கிறார்கள். சாதாரண பிளாஸ்டிக்கைத் துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறும். மருந்துத் துகள்கள் காந்தத்தில் இரும்புத்தூள் போலச் சுவரில் ஒட்டும். மாதம் ஒரு முறை, வெதுவெதுப்பான நீரில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பாகங்களைக் கழற்றி முக்கி எடுத்து, துடைக்காமல் நிழலில் தானாகக் காயவிடுங்கள். சோப்பு நீரின் மெல்லிய படலம் உள்சுவரில் இருப்பதே நல்லது, அதுதான் நிலைமின்சாரத்தைக் கொல்கிறது. வாய் வைக்கும் பகுதியை மட்டும் நல்ல தண்ணீரில் அலசினால் போதும். புதிதாக வாங்கியதையும் முதல் உபயோகத்துக்கு முன் இப்படிக் கழுவிக் காயவைக்க வேண்டும். நிலைமின்சாரம் ஏறாதது என்று சொல்லி வரும் வகைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. வால்வு சவ்வு சுருண்டாலோ விறைத்தாலோ குடுவையை மாற்றுங்கள், வருடம் ஒன்றுக்கு மேல் இழுக்க வேண்டாம். இன்ஹேலரின் பிளாஸ்டிக் உறையையும் வாரம் ஒரு முறை, உலோக டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, குழாய்த் தண்ணீரில் அரை நிமிடம் இருபுறமும் ஓடவிட்டுக் காயவைக்க வேண்டும். சல்பியூட்டமால் டப்பாவில் துளை அடைத்துக்கொள்வது சகஜம்.

ஸ்பேசர் கையில் இல்லாத ஊரில்? கேப் டவுனில் 1999-இல் நடந்த ஒரு ஆய்வில், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாக நுழையும் துளை போட்டு, பிள்ளைகளின் கடுமையான இளைப்புக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடை ஸ்பேசருக்கு அது சளைக்கவில்லை. தெர்மோகோல் கப்தான் தோற்றது. துளையைக் கத்தரியால் வெட்டினால் ஓரம் கிழியும். கம்பியை இன்ஹேலர் வாயின் வடிவத்துக்கு வளைத்து, சூடாக்கி, அழுத்தி எடுப்பதுதான் சரியான முறை.

கேப்சூல் கருவிகள்: மலிவு, ஆனால் உறிஞ்சுவது நீங்கள்

கேப்சூலில் உள்ள மருந்துப் பவுடரை உறிஞ்சி எடுக்கும் ரோட்டாஹேலரும் அதன் தம்பிகளும் நம் ஊரில் இவ்வளவு பரவியதற்குக் காரணம் விலை. முழு டப்பாவுக்குப் பணம் இல்லாதவர் பத்து கேப்சூல் மட்டும் வாங்கிப் போகலாம். மூச்சோடு விரலை ஒத்திசைக்கவும் வேண்டாம். உந்துவாயு இல்லாததால் சுற்றுச்சூழலுக்கும் நல்லது. அழுத்து டப்பாவில் உள்ள எச்எஃப்ஏ வாயு பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல்.

ஆனால் இதில் மருந்தை உடைத்துக் கொண்டுபோகும் சக்தி முழுக்க உங்கள் இழுப்பில் இருந்து வர வேண்டும். ஸ்பேசரில் மெதுவாக, இதில் பலமாகவும் வேகமாகவும். இரண்டும் வைத்திருப்பவர்கள் முறையை மாற்றிப் போட்டுக்கொள்வதை அடிக்கடி பார்க்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் கடுமையான இளைப்பில் இருப்பவருக்கும் அந்த வேகம் வராது. அவசரத்துக்கு இது கருவியல்ல.

ரோட்டாஹேலரில் கேப்சூலின் நிறமற்ற முனை முதலில் சதுரத் துளைக்குள் போக வேண்டும், தலை துளையின் மட்டத்துக்கு வரும்வரை அழுத்தி, வாய்ப்பகுதியைப் பிடித்துக்கொண்டு அடிப்பாகத்தை முடிந்த மட்டும் திருப்பினால் கேப்சூல் இரண்டாகப் பிரியும். மூச்சைக் கருவிக்கு வெளியே திரும்பி விடுங்கள். உள்ளே ஊதினால் ஈரத்தில் பவுடர் களியாகிவிடும். இழுத்து முடித்ததும் உள்ளே பவுடர் மிச்சமிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இன்னொரு முறை இழுங்கள். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் கேப்சூலை முன்கூட்டியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டு வைப்பது வீண்: ஈரம் ஏறினால் துகள்கள் கட்டியாகித் தொண்டையோடு நின்றுவிடும். கருவியைக் கழுவினால் அடுத்த நாள்வரை காயவிட்டே உபயோகிக்க வேண்டும். கேப்சூலை மாத்திரை என்று நினைத்து விழுங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பல நேரம் சொல்வதில்லை.

நெபுலைசர்

கடுமை இல்லாத, நடுத்தரத் தாக்குதல்களில் ஸ்பேசரோடு அடிக்கும் சல்பியூட்டமாலைவிட நெபுலைசர் மேலானதல்ல என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு பலமுறை காட்டிவிட்டது. பிள்ளைகளுக்கு ஸ்பேசர் முறையில் அவசரப் பிரிவில் இருக்கும் நேரமும் நெஞ்சுப் படபடப்பும் குறைந்தன. நெபுலைசரில் பத்து நிமிடம் ஆவதை ஸ்பேசரில் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிக்கலாம். கரண்ட் போனாலும் கவலையில்லை.

வீட்டில் இருந்தே தீர வேண்டியவர்களுக்கு: சல்பியூட்டமால் கரைசல் மி.லி.க்கு 5 மில்லிகிராம் என்றால், 2.5 மில்லிகிராமுக்கு அரை மி.லி. போதும், அதோடு நார்மல் சலைன் இரண்டரை முதல் மூன்று மி.லி. குழாய்த் தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோ ஊற்றவே கூடாது, அது மூச்சுக்குழாயை இன்னும் இறுக்கும். புடெசோனைடு ரெஸ்பூல்களை, அதாவது நெபுலைசரில் ஊற்றும் மருந்துக் குப்பிகளை, அல்ட்ராசோனிக் வகையில் போடக் கூடாது. மோட்டார் காற்றை அடிக்கும் கம்ப்ரஸர் வகைதான் வேண்டும். மாஸ்க்கை முகத்துக்கு இரண்டு அங்குலம் தள்ளிப் பிடிப்பது பாட்டிமார்களின் கருணை, மருந்து அறைக்குப் போகிறது. கோப்பையை ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைக்காவிட்டால் அடுத்த முறை உள்ளே போவது கிருமி.

இதன் உண்மையான ஆபத்து வேறு. வீட்டில் பெட்டி இருக்கிற தைரியத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம் தள்ளிப்போகிறது. ஸ்பேசராக இருந்தாலும் இதே எல்லைதான்: ஆறு வயதுக்கு மேல் சல்பியூட்டமால் நான்கு முதல் பத்து பஃப் வரை, ஒவ்வொன்றாக, ஐந்து வயதுக்குள் இரண்டு முதல் ஆறு, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் வரை. முழு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, விலா உள்ளே இழுக்கிறது, அல்லது வீசிங் சத்தமே நின்று குழந்தை துவண்டுவிட்டது என்றால் அந்த ஒரு மணி நேரத்தையும் பார்க்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு வண்டி வரும்வரை பஃப் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

பீக் ஃப்ளோ மீட்டர்

சில நூறு ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு முள். மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளப்பது இதன் வேலை. யாருமே கேட்காத சாமான். ஆனால் இந்தியாவின் ஆஸ்துமாப் பிரச்சினை மருந்தைவிட நோயைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. ஒன்பது நகரங்களில் நடந்து 2022-இல் வெளியான குளோபல் ஆஸ்துமா நெட்வொர்க் ஆய்வில், 6–7 வயதில் 3.16 சதவீதமும் 13–14 வயதில் 3.63 சதவீதமும் பெற்றோரில் 3.30 சதவீதமும் ஆஸ்துமா என்று வந்தது. மைசூரும் அதில் இருந்தது. வீசிங் இருந்தவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா என்று யாரும் சொல்லியிருக்கவே இல்லை. அவர்களெல்லாம் சளி, அலர்ஜி, ப்ராங்கைட்டிஸ் என்ற பெயர்களில் சிரப் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நின்றுகொண்டு, முள்ளைப் பூஜ்ஜியத்துக்கு இழுத்துவிட்டு, முழு மூச்சை வாங்கி, வாயை இறுக்கிப் பட்டென்று ஊதுங்கள். மூன்று முறை ஊதி, அதிகமானதை எழுதுங்கள், சராசரி போட வேண்டாம். காலையும் இரவும் இரண்டு வாரம். ஒவ்வொரு நாளின் ஏற்ற இறக்கத்தையும் (அதிக அளவுக்கும் குறைந்த அளவுக்கும் உள்ள வித்தியாசம்) அன்றைய சராசரியால் வகுத்து, இரண்டு வாரத்துக்குச் சராசரி பார்த்தால் பெரியவர்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல், பிள்ளைகளுக்கு 13 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆஸ்துமாவைப் பலமாகச் சந்தேகிக்கலாம். அந்தத் தாளோடு போனால் டாக்டருக்கும் வேலை பாதி. நோய் உறுதியானவர்களுக்கு, நல்ல நிலையில் ஊதிய சொந்த உச்ச அளவே அளவுகோல்: அதில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை, 50-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி. நாக்கு குழாயை அடைப்பது, விரல் முள்ளைத் தடுப்பது, எச்சில் துப்புவது போல ஊதுவது, இந்த மூன்றும் பொய்க் கணக்குக் காட்டும். ஒரு மீட்டரில் தொடங்கினால் அதிலேயே தொடருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும்.

மிச்ச சாமான்கள்

மெத்தை உறை, பூச்சிக்கொல்லி ஸ்ப்ரே என்று விற்கும் தூசிப்பூச்சித் தடுப்புகளுக்கு 54 ஆய்வுகளைத் தொகுத்த 2008 காக்ரேன் அறிக்கை பலன் காணவில்லை. ஆவி பிடிக்கும் கருவி மூக்கடைப்புக்கு இதமாக இருக்கலாம், ஆஸ்துமாவுக்கு எதுவும் செய்யாது, பிள்ளைகள் கொதிநீரில் வெந்துபோவதுதான் மிச்சம். மான்டெலுகாஸ்ட் மாத்திரையை அலர்ஜி மாத்திரை என்று சாதாரணமாக எழுதிவிடுகிறார்கள். தூக்கக் கெடுதல், எரிச்சல், மன மாற்றங்கள் பற்றி 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துத் துறை மிகக் கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கை போட்டதைத் தெரிந்துகொண்டு, எடுக்கும் பிள்ளையின் நடத்தையைக் கவனியுங்கள். மெபோலிசுமாப், பென்ராலிசுமாப், டெசெபெலுமாப் போன்ற ஊசிகள் தீவிர ஆஸ்துமாவுக்கு உண்மையிலேயே பலன் தருபவை. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போதும் என்று டெபெமோகிமாப் பற்றி 2024-இல் ஆய்வு வந்திருக்கிறது. நம் குடும்பங்களுக்கு விலை எட்டாத உயரம். அதற்கு முன் பார்க்க வேண்டியது ஸ்பேசர் முறை சரியா என்பதே. தீவிர ஆஸ்துமா என்று அனுப்பப்படுபவர்களில் கணிசமானவர்களுக்கு மருந்து உள்ளேயே போயிருக்காது.

கடைசியாக ஒரு சாமானை வாங்காமல் விட்டால் மிச்சம்: கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் அளந்து பார்த்திருக்கிறார்கள். இழுப்புள்ள பிள்ளை தூங்கும் அறைக்கு ஒரு கொசுவலை, அதே கடையில் பக்கத்து அலமாரியில் கிடைக்கும்.